சகோதரர் சத்தியநாதனின் நடுக்கம்

சகோதரர் சத்தியநாதன் ஜெபிக்க எழுந்தால் சபை முழுவதும் கண்ணை மூடிக்கொள்ளும். அத்தனை பேரும் பக்தியால்தான் மூடினார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு வேலைக்குத்தான்; மேனேஜர் என்கிற நினைப்புக்கு அல்ல. பால் பாக்கெட் பிந்தினால் விளக்கம் கேட்பார். கிழக்குத் தாம்பரத்தில் அவர் தெருவில் நாய் குரைத்தால், எந்த அடிப்படையில் குரைக்கிறது என்று பால்கனிக்கு வந்து பார்ப்பார். ஜெபமும் அப்படித்தான். "மேற்கண்ட சூழ்நிலையைத் தேவரீர் கருத்தில் கொண்டு உரிய நடவடிக்கை எடுக்குமாறு..." என்று ஆண்டவருக்கே சுற்றறிக்கை வாசிப்பார். அகரம்தென் சாலையில் டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் கூடும் அந்தச் சபையின் பாஸ்டர் ஜாய்சன் நல்ல மனிதர். யார் மனதையும் நோகடிக்க மாட்டார். சத்தியநாதனுக்கு அவர் ஒதுக்கி வைத்திருந்த நேரம், கரண்ட் போனதற்கும் ஜெனரேட்டர் கிளம்புவதற்கும் இடைப்பட்டது.

இந்த மனிதர்தான் ஒரு கோடையில் தீப்பிடித்துக்கொண்டார்.

முதலில் கை நடுங்கியது. பிறகு வியர்த்தது. ஏசி ஓடும் ஹாலில் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்போது, இவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. சாப்பாடு இரண்டு மடங்கானது, உடம்பு பாதியானது. தூக்கம் போய்விட்டதால், காக்காய் எழுவதற்கு முன்பே மொட்டை மாடியில் நடந்தபடி உரக்க ஜெபித்தார். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியம் பின்னால் வந்து முட்டியது. கண்கள் இமைக்க மறந்து விரிந்து நின்றன, யாரோ திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனது. சத்தியநாதன் எழுந்தார். மைக் இல்லை, தேவையும் படவில்லை. தூக்கிய இரண்டு கைகளும் படபடவென்று ஆடின. "ஆண்டவரே!" என்றார். சுற்றறிக்கை வரும் என்று சபை காத்திருந்தது, அழுகை வந்தது. வியர்வை தாடையில் சொட்ட, மூச்சு வாங்க, கண் பிதுங்க, அவர் நின்ற கோலத்தைப் பார்க்க முதல் முறையாகச் சபை கண்ணைத் திறந்தது. ஜெனரேட்டர் கிளம்பியும் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"பிரதர் மேல பரிசுத்த ஆவியோட அபிஷேகம் இறங்கியிருக்குப்பா," என்றாள் ஜெரூஷா. குரோம்பேட்டையில் வங்கி அதிகாரி. பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. அவள் பாஸ் பண்ணினால் அது பாஸ்.

அதற்குப் பிறகு சத்தியநாதனுக்கு வந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொல்லி வரிசை நின்றது. கை வைத்தால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள். நடுங்கும் கை வேறு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. உடம்பு இளைத்ததை உபவாசம் என்றார்கள். விழித்துக் கிடந்ததை விழிப்பு ஜெபம் என்றார்கள். பொத்தேரியில் கல்லூரி மாணவர்களின் ஐக்கியக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கிட்டாரும் டிரம்ஸும் நடுவில் நிற்க, இவர் ஆடிய ஆட்டத்துக்குப் பையன்கள் விசில் அடித்தார்கள். முப்பது வருடம் நோட்டீஸ் போர்டில் கையெழுத்துப் போட்டும் கிடைக்காத ஒன்று இது: மனிதர்கள் அவர் பேசுவதைக் கேட்க விரும்பினார்கள்.

மனைவி ஞானஜோதி பள்ளியில் கணக்கு டீச்சர். அவளிடம் அபிஷேகம், உபவாசம் என்றெல்லாம் சொன்னால் வழிமுறையைக் காட்டச் சொல்வாள்.

"எட்டு தோசை சாப்பிடற ஆளைப் பாத்து உபவாசம்ங்கறாங்க. அப்போ அந்த எட்டை நான் எந்தக் கணக்குல எழுதறது?" என்றவள், கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவரைக் கேம்ப் ரோட்டில் ஹார்மோன் டாக்டர் வெண்ணிலாவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் வெண்ணிலா சின்னப் பெண். அதுவே சத்தியநாதனுக்கு முதல் குறை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அவள் நிதானமாகச் சொன்னாள்.

"உங்க கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு சார். உடம்பு எவ்ளோ வேகத்துல ஓடணும்னு அதுதான் தீர்மானிக்குது. அது எவ்ளோ வேலை செய்யணும்னு மூளைப் பக்கத்துலேருந்து டிஎஸ்ஹெச்னு ஒரு ஆர்டர் வரும்; சுரப்பி அதிகமா ஓடினா அது குறையும், மந்தமானா ஏறும். உங்க கேஸ்ல, கிருமி வந்தா அடிக்கறதுக்காக வச்சிருக்கற பாதுகாப்புப் படை, அதே மாதிரி போலி ஆர்டர் தயார் பண்ணி சுரப்பிக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. சுரப்பி நம்பி ராத்திரி பகலா ஓவர்டைம் பாக்குது. கிரேவ்ஸ் நோய்னு பேர்."

"யாரோட அப்ரூவல்ல?"

"அப்ரூவலே இல்லாமத்தான் சார்."

சத்தியநாதன் முகம் சிவந்தது. அவர் சர்வீசில் போலி ஓவர்டைம் சீட்டு ஒன்றுகூட அவரைத் தாண்டிப் போனதில்லை. சொந்தக் கழுத்துக்குள், சொந்த செக்யூரிட்டியே இந்த வேலை பார்ப்பதை அவர் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒழுங்கீனமாக எடுத்துக்கொண்டார்.

"இது ஏன் வந்துச்சு? யார் பொறுப்பு?"

"யாரும் இல்ல. சிலருக்கு வருது. கார்பிமசோல்னு மாத்திரை, சுரப்பியை அடக்கும். கூட இருதயத் துடிப்பைக் குறைக்க ஒண்ணு. ஒன்றரை வருஷம் போல போடணும், அப்புறம் பாத்து முடிவு பண்ணலாம். காய்ச்சல், தொண்டை வலி வந்தா உடனே எனக்குச் சொல்லணும். நீங்களா மட்டும் நிறுத்தவே கூடாது. இந்த வேகத்தை உங்க இருதயம் ரொம்ப நாள் தாங்காது. துடிப்பு தாறுமாறாகும். அதுல ரத்தம் கட்டி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம்."

ஞானஜோதி அதை மனப்பாடம் செய்துகொண்டாள். சத்தியநாதன் டாக்டரின் வயதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மாத்திரை வேலை செய்தது. அதுதான் பிரச்சினையே.

மழைக்காலம் வருவதற்குள் கை நின்றுவிட்டது. வியர்வை போனது, தூக்கம் வந்தது, தொப்பை தன் பழைய இடத்தை விசாரித்துக்கொண்டு திரும்பி வந்தது. ஒரு ஞாயிறு, தலையில் கை வைத்து ஜெபித்து முடித்தபோது, எதிரே முழங்காலில் நின்ற பிளஸ்ஸி மெதுவாக, "முடிஞ்சிடுச்சா அங்கிள்?" என்றாள். ஒன்றுமே தெரியவில்லையாம். பெண்கள் ஐக்கியத்தில் இளையவள், வெகுளி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். அடுத்த வாரம் எழுந்து நின்றவர் வாயிலிருந்து "மேற்கண்ட" என்ற வார்த்தை தானாக வந்தது. கண்கள் ஒவ்வொன்றாக மூடின. பொத்தேரிக்காரர்கள் வேறு ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது, ஜெரூஷா யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது: "அபிஷேகம் குறைஞ்சிடுச்சு போலப்பா. எதுனா ரகசிய பாவம் இருக்குமோ?"

சத்தியநாதன் அன்று இரவு மாத்திரை அட்டையை நெடுநேரம் பார்த்தார். தன்னை ஒன்றுமில்லாதவனாக ஆக்கியது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மனைவியிடம் அதையா சொல்ல முடியும்? "இங்கிலீஷ் மருந்து லிவரைக் கெடுக்கும். நம்ம பாரம்பரியத்துல இல்லாததா?" என்றார். பாரம்பரியம் என்பது வேறொன்றுமில்லை. இங்கிலீஷ் டாக்டர் நாம் எதிர்பார்த்த பதிலைச் சொல்லாதபோது ஞாபகம் வருவது.

முதலில் அவர் போனது டாக்டர் காந்தாவிடம். முறையாக ஆயுர்வேதம் படித்துப் பட்டம் வாங்கியவள். நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், பிறகு ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்தாள்.

"எங்க பழைய நூல்கள்ல தைராய்டுன்னு ஒரு பேர் கிடையாது சார். தொண்டை வீக்கம் பத்தி இருக்கு. சாப்பிட்டதெல்லாம் எரிஞ்சு போற தீராத பசி பத்தி இருக்கு. உங்களுக்குப் பித்தம் ஏறியிருக்குன்னு சொல்லுவேன். காபி, காரம் குறைங்க. நெய், நெல்லிக்காய், நேரத்துக்குத் தூக்கம், மூச்சுப் பயிற்சி. மனசுக்கும் உடம்புக்கும் கொஞ்சம் இதமா இருக்கும். ஆனா அந்தச் சுரப்பியை அடக்கறது நீங்க போடற மாத்திரைதான். அதை நிறுத்தாதீங்க. யாராவது அமுக்கராவோ கடற்பாசியோ கொடுத்தா வாங்கவே வாங்காதீங்க. உங்க நோய்க்கு அது எரியற அடுப்புல எண்ணெய் ஊத்தற மாதிரி."

"அப்போ உங்க சிஸ்டத்துல இதுக்கு கியூர் கிடையாதா?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்றது எங்க சிஸ்டத்துல கிடையாது சார்."

வெளியே வந்த சத்தியநாதன், "சொந்தத் தொழில் மேலயே நம்பிக்கை இல்லாத லேடி," என்று தீர்ப்பு எழுதிவிட்டு, லோகுவின் ஆட்டோவைப் பிடித்துப் பொழிச்சலூருக்குப் போனார்.

பொழிச்சலூரில் இருந்தார் ஏகநாதன். 'ஆரோக்கிய குரு' என்று போர்டு. முன்பு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றார், நடுவில் இன்சூரன்ஸ், இப்போது 'தைராய்டிலிருந்து விடுதலை' என்று போனில் வீடியோ போடுகிறார். வீடு விமானங்கள் இறங்கும் பாதைக்குக் கீழே. தலைக்கு மேல் விமானம் உறுமும்போதெல்லாம் ஏகநாதன் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, கையை உயர்த்தி, கண்ணை மூடிக் காத்திருப்பார். அவர் பேச்சில் ஏதோ ஆழம் இருக்கிறது என்று பலர் நம்பியதற்கு விமான நிலையமே பொறுப்பு.

"வேர் சார்! வேரு..." விமானம் போனது. "...வேரைப் புடுங்கணும்."

"ரூட் காஸ்!" என்றார் சத்தியநாதன்.

"அதேதான்! சார் படிச்சவர்."

"எனக்கு இருக்கறது கூடுதல் தைராய்டு."

"தைராய்டு தைராய்டுதான் சார். கூட, கொறைச்சல்னு ரெண்டாப் பிரிச்சது வெள்ளைக்காரன். அப்பத்தான் ரெண்டு மாத்திரை விக்க முடியும்."

ஏகநாதன் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். கறுப்பு லேகியம். அமுக்கரா, கடற்பாசி, மற்றும் சில ரகசியங்கள். காந்தா வேண்டாம் என்றது இந்த இரண்டையும்தான் என்பது சத்தியநாதனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அவளுக்குத்தான் தொழில் மேல் நம்பிக்கை இல்லையே. அவருக்கு இருந்த சந்தேகம் வேறு.

"இது... மந்திரம் கிந்திரம் சொல்லிக் கிண்டினது இல்லையே? நாங்க பிலீவர்ஸ்."

"சேச்சே, மிக்ஸில அரைச்சது சார்."

"சாப்பிட்டா சோர்வு வருமா?"

"சோர்வா? ஓடுவீங்க சார்!"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் சத்தியநாதன் அத்தனை தூரம் வந்திருந்தார். அன்றிலிருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு மனைவிக்கு எதிரே தண்ணீர் குடித்தார். அவள் பள்ளிக்குக் கிளம்பியதும் பால்கனிக்குப் போய் குரோட்டன்ஸ் தொட்டியில் துப்பினார்.

ஏகநாதனை அநியாயமாகக் குறை சொல்லக் கூடாது. ஓடுவீர்கள் என்று சொன்னார், சத்தியநாதன் ஓடினார். மறுபடி லேகியம் வாங்கப் போனபோது சில்லறை நீட்டிய கையைப் பார்த்து லோகு சிரித்தான்.

"இன்னா சார், கை இப்டி டான்ஸ் ஆடுது? காலங்காத்தாலயே ஏத்திகினு வந்துட்டியா?"

"வாயை அடக்கு. இது அபிஷேகம்."

"அது எந்த பிராண்டு சார்? நம்ம கடைல கீதா?"

லோகுவுக்குப் புரியாதது சபைக்குப் புரிந்தது. அபிஷேகம் இரண்டு மடங்காகத் திரும்பியிருந்தது. அறுப்பின் பண்டிகையில், பூசணிக்காயும் வாழைத்தாரும் முட்டையும் காணிக்கையாக வந்து ஏலம் போகும் அந்த நாளில், சத்தியநாதன் லேகிய டப்பாக்களை மேடையில் அடுக்கி வைத்துச் சாட்சி சொன்னார். மாத்திரையை விட்டொழித்ததையும், ஆண்டவர் படைத்த மூலிகையால் பூரண சுகம் கண்டதையும், கண்ணும் கையும் ஒருசேரத் துடிக்கச் சொன்னார். ஞானஜோதி அன்று பார்த்து, அடுத்து வந்த ஞாயிறுகளிலும், பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலையில் இருந்தாள். காணிக்கையாக வைத்ததை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது, குறைத்துக் கேட்கவும் கூடாது. டப்பாக்கள் பூசணிக்காயைவிட வேகமாகப் போயின. பெண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேருக்குத் தைராய்டு. எல்லாருக்கும் குறைவான தைராய்டு, சத்தியநாதனுக்கு நேர் எதிர். தைராய்டு தைராய்டுதானே? அடுத்தடுத்த வாரங்களில் அவர்களும் எழுந்து சாட்சி சொன்னார்கள்: களைப்பு போயிற்று, முடி கொட்டுவது நின்றது, எல்லாம் பிரதர் காட்டிய லேகியம்.

நடுக்கம் திரும்பியதற்கு மாத்திரை போதவில்லை என்றே நினைத்திருந்த ஞானஜோதிக்கு விஷயம் தெரிந்தது குரோட்டன்ஸ் தொட்டியில். மண்ணைக் கிளறியபோது வெள்ளை வெள்ளையாக வந்தது.

"செடிக்குத் தைராய்டா?" என்றாள்.

சத்தியநாதன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். நூற்று நாற்பதைத் தாண்டியது. நடுநடுவே ஒரு துடிப்பைக் காணோம், பிறகு இரண்டு சேர்ந்து வந்தன.

"கையை விடு. நான் என்ன உன் ஸ்டூடண்டா?"

"என் ஸ்டூடண்டா இருந்தா ஃபெயில் போட்டுட்டு போயிருப்பேன். டாக்டர் என்ன சொன்னாங்க? பக்கவாதம்னு சொன்னாங்க இல்ல? உங்க இருதயம் நின்னா நான் எங்க போய் நிக்கறது?"

"சபைக்கு முன்னால சாட்சி சொல்லிட்டேன் ஜோதி. அதை எப்படி வாபஸ் வாங்கறது?"

"செத்துப்போனா வாபஸ் வாங்கிக்குவாங்களா?"

"உனக்குப் புரியாது. எல்லாரும் கேக்கறாங்க. நான் பேசினா கேக்கறாங்க." குரல் உடைந்தது. அது அபிஷேகமா, சுரப்பியா, மனிதனா என்று அவருக்கே தெரியவில்லை. ஞானஜோதிக்கு ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. அடுத்த நிமிடம் அவள் லேகிய டப்பாவில் இருந்த எண்ணைப் பார்த்து ஏகநாதனுக்குப் போன் போட்டாள்.

"துடிப்பு அதிகமா இருக்கா? சூப்பர் மேடம்! வேர் அசையுது. நஞ்செல்லாம் வெளிய..." விமானம். ஞானஜோதி அது போகும்வரை காத்திருக்கவில்லை.

பாஸ்டர் ஜாய்சனிடம் போனாள். "பாஸ்டர், அவர் என் பேச்சைக் கேக்க மாட்டார். மேலேருந்து வந்தாத்தான் கேப்பார். மாத்திரை போடச் சொல்லி ஆண்டவர் உங்களுக்கு ஒரு வார்த்தை கொடுத்தார்னு சொல்லிடுங்க."

பாஸ்டர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம் சிஸ்டர். எங்க மாமாவுக்குத் தைராய்டுல இதே மாதிரி கண்ணு வந்துச்சு. ஆனா பிரதர் வந்தப்புறம் ஹால் நிறையுது... பேசாம இருந்துட்டேன். அது என் தப்பு. அதுக்காக வராத வார்த்தையை வந்துச்சுன்னு சொல்லி இன்னொரு தப்பு பண்ண மாட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "சாட்சி நேரம்னு ஒண்ணு இருக்கு. யார் வேணா எழுந்து பேசலாம். மைக் நான் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. சத்தியநாதன் மேடை ஓரத்தில், தலையில் கை வைக்கத் தயாராக, நனைந்த சட்டையோடு நின்றார். ஞானஜோதி மைக்கை வாங்கினாள். இத்தனை வருடத்தில் சபையில் அவள் பேசியதில்லை.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் வீட்டுக்காரருக்கு இருக்கறது அபிஷேகம் இல்ல. தைராய்டு. கூடுதல் தைராய்டு. கை நடுங்கறது அதுதான், கண்ணு பிதுங்கறது அதுதான். உபவாசம்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க, நேத்து ராத்திரி பதினோரு சப்பாத்தி." எங்கோ ஒரு பையன் சிரித்தான். "டாக்டர் மாத்திரை கொடுத்தாங்க. அவர் நிறுத்திட்டார். இதை இன்னைக்கு நான் சொல்லலைன்னா, நீங்கள்லாம் சீக்கிரமே மாலையோட எங்க வீட்டுக்கு வருவீங்க. அவ்ளோதான்."

சத்தியநாதன் வாயைத் திறந்தார். பிளவு, கீழ்ப்படியாமை, அவிசுவாசம் என்று வார்த்தைகள் தொண்டைவரை வந்துவிட்டன. அதற்குள் ஜெரூஷா எழுந்தாள்.

"டிஎஸ்ஹெச் எவ்ளோ ஆன்ட்டி?"

"பாயின்ட் ஜீரோ ஒண்ணுக்கும் கீழ."

"ஐயோ! எனக்குப் பதினாலு வந்துச்சு!"

"எனக்கு ஒன்பது," என்றது பின் வரிசை.

"எங்க மாமியாருக்கு இருபத்திரண்டு," என்றது இன்னொரு குரல், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்போ அங்கிளுக்கு நமக்கு உல்டாப்பா! அவருக்குப் போய் எதுக்கு நம்ம லேகியம்?"

ஆராதனை ஐந்தே நிமிடத்தில் ரத்தப் பரிசோதனை நிலையமாக மாறிவிட்டது. பாஸ்டர் கீபோர்டுக்காரரைப் பார்த்தார். கீபோர்டுக்காரர் என்ன வாசிப்பது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டார். பிளஸ்ஸிதான் மெதுவாக யோசித்து, உரக்கக் கேட்டாள்.

"ஆன்ட்டி, மாத்திரையை நிஜமாவே நிறுத்திட்டாரா?"

"சாட்சி சொன்னாரே, நீ கேக்கலையா?"

"கேட்டேன் ஆன்ட்டி. அது சாட்சிதானே?"

சத்தியநாதன் மேடையிலிருந்து இறங்கினார். "நீங்கள்லாம் நிறுத்தலையா? லேகியத்தால சுகம்னு இதே இடத்துல நின்னு சொன்னீங்களே!"

"சொன்னோம் அங்கிள்," என்றாள் ஜெரூஷா, கஸ்டமருக்கு விளக்கும் குரலில். "லேகியமும் சாப்பிட்டோம். காலைல வெறும் வயித்துல மாத்திரையும் போட்டோம். சாட்சி வேற, மாத்திரை வேற. அதைப் போய் யாராவது நிறுத்துவாங்களா?"

"அப்போ விசுவாசம்?"

"அதுவும் இருக்கே அங்கிள்."

அவ்வளவு பெரிய சபையில் சத்தியநாதனின் சாட்சியை நம்பிய ஒரே ஆத்துமா சத்தியநாதன்தான். இந்தச் செய்தி அவர் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. "இது... ஒழுங்கு நடவடிக்கைக்கு..." என்று ஆரம்பித்தவர், ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். உதடு வெளுத்தது. அவர் நெஞ்சில் கை வைத்த பாஸ்டர், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். "சிஸ்டர், கார்! யார் கார் வெளிய நிக்குது?"

ஜெரூஷாவின் கார்தான் நின்றது. தெய்வாதீனமாகக் கேம்ப் ரோடு சிக்னலும் பச்சையாக இருந்தது. பின் சீட்டில் மனைவியின் தோளில் சாய்ந்தபடி, "முன்னறிவிப்பு இல்லாம மைக் கொடுத்தது தப்பு," என்று பாஸ்டர் மேல் புகார் சொல்லிக்கொண்டே போனார் சத்தியநாதன். ஞானஜோதி அவர் வாயைப் பொத்தவில்லை. அவர் பேசிக்கொண்டே வர வேண்டும் என்றுதான் அவள் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஐசியூவுக்குள் கொண்டுபோனார்கள். டாக்டர் வெண்ணிலா வந்தாள், மானிட்டரைப் பார்த்தாள், லேகிய டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினாள்.

"இருதயத்தோட மேல் அறை ஒழுங்காச் சுருங்கல. சும்மா படபடன்னு நடுங்கிக்கிட்டிருக்கு. ரத்தம் கட்டியிருக்கான்னு பாக்கணும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நான் பேசவேண்டிய ஆள் நீங்க மட்டும்தான் மேடம், இவர் இல்ல."

கட்டியிருக்கவில்லை. துடிப்பு மெல்ல வழிக்கு வந்தது. ஐசியூவில் கேட்காமலே மருந்து கொடுத்தார்கள். அங்கே யாருக்கும் விருப்பம் என்று ஒன்று கிடையாது. அறைக்கு மாற்றிய பிறகு நர்ஸ் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். சத்தியநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வெண்ணிலா கட்டில் ஓரமாக நின்றாள்.

"டாக்டர், இதைப் போட்டா நடுக்கம் போயிடும் இல்ல?"

"போயிடும்."

"அந்த வேகம்... பேச்சு வருமே ஒரு மாதிரி... அதுவும்?"

"அதுவும்தான். அது நோய் சார்."

"அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்?"

"நீங்கதான்," என்றாள் டாக்டர்.

உலகத்தில் இதைவிடக் கொடூரமான பதிலை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஞானஜோதி தண்ணீர் டம்ளரோடு நின்றாள். இத்தனை நாள் விழித்ததில் அவள் கண்ணும் கொஞ்சம் பிதுங்கித்தான் இருந்தது.

"எனக்கு அந்த ஆளு போதும்," என்றாள். "அவரைத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். போடுங்க."

சத்தியநாதன் தொண்டையைச் செருமினார். ஒரு பெரிய தியாகம் நிகழப்போகிறது. அதைச் சும்மா நிகழ விடுவது அவர் குணம் அல்ல. சரியாக அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு பெண்கள் ஐக்கியம் உள்ளே வந்தது, ஆரஞ்சுப் பழம், ஃபிளாஸ்க், சபைப் பாட்டுப் புத்தகம் சகிதம். சாட்சிகள் வந்துவிட்டார்கள். அவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மாத்திரையை இரண்டு விரலால் உயரப் பிடித்தார்.

"சகோதரிகளே. இந்தச் சிறிய மாத்திரையை முன்னிட்டு நான் உங்களுக்கு..."

"அங்கிள், பாலோட போட்டுடாதீங்க," என்றாள் பிளஸ்ஸி.

"அது நம்ம மாத்திரைக்குடி. அவருது வேற," என்றாள் ஜெரூஷா.

"எல்லாத்துக்கும்தான் பால் ஆகாதுன்னு எங்க டாக்டர் சொன்னாரு."

"உங்க டாக்டர் எந்த ஊரு டாக்டர்? எனக்கு பேரியம் எக்ஸ்ரே எடுத்த டாக்டர்..."

"பேரியமா? அது வயித்துக்குப்பா!"

பேச்சு பேரியத்திலிருந்து வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து கீழே கேன்டீனில் பொங்கல் நன்றாக இருக்கிறதா என்பதற்கும் போனது. சத்தியநாதன் உயர்த்திய கையோடு சற்று நேரம் காத்திருந்தார். கை நடுங்கவில்லை, அதனால் யாரும் அதைப் பார்க்கவும் இல்லை. பிறகு மாத்திரையை வாயில் போட்டு, மனைவி நீட்டிய தண்ணீரைக் குடித்து, நிஜமாகவே விழுங்கினார்.

"முடிந்தது," என்று அறிவித்தார், அறைக்குப் பொதுவாக.

ஜெரூஷா அவர் பக்கம் திரும்பினாள். கையில் போன்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் தலையை நகத்துங்களேன். சார்ஜர் பாயின்ட் உங்களுக்குப் பின்னாடி இருக்கு."